ஆவாரையை வரைவது எப்படி: செட்டிநாட்டுக் காட்டுச்செடிகளுக்கான தாவரச் சித்திர வழிகாட்டி

ஒரு செடியை நேரில் பார்க்காதவர்கூடப் படத்தைப் பார்த்து, இது இன்ன செடிதான் என்று அடித்துச் சொல்ல முடிந்தால் அதுதான் தாவரச் சித்திரம். அதற்கு ஓவியத் திறமை பாதி போதும். மீதி, எண்ணுவதும் அளப்பதும். செட்டிநாட்டு வெயிலில் இன்னொன்றும் சேர்ந்துகொள்கிறது: செடி காத்திருக்காது. வெட்டிய கிளை நண்பகலுக்குள் துவண்டுவிடும். அதனால் இந்த வழிகாட்டி முழுவதும் ஒரே விதியின்மேல் நிற்கிறது. எது முதலில் வாடுமோ அதை முதலில் வரையுங்கள்.

பழகுவதற்கு ஆவாரையை எடுத்துக்கொள்வோம். காரைக்குடியிலிருந்து திருமயம், தேவகோட்டை என்று எந்தப் பக்கம் போனாலும் செம்மண் பொட்டலிலும் சாலையோரத்திலும் நிற்கிறது; நான்கு கிளை வெட்டினால் அதற்கு ஒன்றும் குறையாது. பூ பெரியது, பிரித்துப் பார்க்க எளிது. கூட்டிலை, இலையடிச் செதில், சுரப்பி, தட்டைக் காய் என்று கற்றுக்கொள்ள வேண்டியவை எல்லாம் ஒரே செடியில் இருக்கின்றன. பூ மஞ்சளாக இருப்பது இன்னொரு காரணம். வண்ணத்தில் மிகவும் சிரமம் தருவது மஞ்சள்தான். அதை முதலிலேயே பழகிவிடுவது நல்லது.

எப்போது, எங்கே

இந்தப் பகுதி வடகிழக்குப் பருவமழையை நம்பியது. ஐப்பசி மழைக்குப் பிறகு தை வரைக்கும் தரையை ஒட்டி வளரும் சிறு செடிகளுக்குக் காலம்: விஷ்ணுகிரந்தி, ஓரிதழ்த்தாமரை, தும்பை, கொழுஞ்சி, சிறுபீளை. செங்காந்தளும் மழையை ஒட்டி வேலியில் ஏறிப் பூக்கும். கண்மாய் நீர் வற்றிக்கொண்டு வரும்போது ஈரக்கரையில் நீர்முள்ளியும் கொட்டைக்கரந்தையும் கிடைக்கும். ஆவாரை ஆண்டின் பெரும்பகுதி பூக்கிறது என்றாலும் பொங்கலை ஒட்டிய வாரங்களில் கிளை நிறையப் பூவும் மொட்டும் சேர்ந்து இருக்கும். தொடங்குவதற்கு அந்தச் சமயமே தோது.

சீமைக்கருவேலம் அடர்ந்த இடத்தைத் தேடிப் போக வேண்டாம். அதன் அடியில் வேறு செடி அதிகம் நிற்பதில்லை. கண்மாய்க்கரை, ஊருணி ஓரம், உழாத செம்மண் மேடு ஆகியவற்றைப் பாருங்கள். அய்யனார் கோயில்காடுகளில் வீரை, காசான், உலக்கைப்பாலை போன்ற பழைய மரங்கள் இன்னும் நிற்கின்றன. பல ஊர்களில் அங்கே சுள்ளிகூட ஒடிப்பதில்லை. கோயில்காட்டுச் செடியை ஊராரிடம் சொல்லிவிட்டு நின்ற இடத்திலேயே வரையுங்கள். கீழே உதிர்ந்த இலையும் காயும் போதுமானவை. வனத்துறைக் காப்புக்காடு என்றால் அனுமதி இல்லாமல் எதையும் எடுக்கக் கூடாது. மற்ற இடங்களில், ஒரே வகைச் செடி கண்ணுக்கெட்டிய தூரத்தில் இருபதுக்குக் குறைவாக இருந்தால் பறிக்காமல் விடுவது நல்ல வழக்கம்.

கையில் வைத்துக்கொள்ள வேண்டியவை

2ஹெச், ஹெச்பி பென்சில்கள், பிசையும் ரப்பர், 15 செ.மீ. ஸ்டீல் ஸ்கேல், இரண்டு முனையும் ஊசியான டிவைடர், 10 மடங்கு பெருக்கும் கைலென்ஸ். பூவைப் பிரிக்கப் புது சவர பிளேடு, குண்டூசி இரண்டு, வெள்ளைப் பீங்கான் தட்டு. தாளில் மட்டும் சிக்கனம் பார்க்க வேண்டாம். வண்ணத்துக்கு 300 ஜிஎஸ்எம் கனமுள்ள, ஹாட் பிரஸ்டு எனப்படும் வழவழப்பான வாட்டர்கலர் தாள். சொரசொரப்பான தாளில் ஒரு மி.மீ. சுரப்பியை வரைய முடியாது. கோடு மேடுபள்ளத்தில் விழுந்து உடையும். மைப் படத்துக்கு வழவழப்பான கனத்த தாளும் 0.1, 0.2, 0.3 பேனாக்களும் போதும். பிரஷ் 2, 4 எண்களில் வட்ட வகை. நனைத்தால் முனை ஊசியாகக் கூட வேண்டும். ஐந்தாறு மலிவு பிரஷ் வாங்குவதைவிட நல்ல பிரஷ் ஒன்று மேல்.

லென்ஸைப் பலர் தவறாகப் பிடிக்கிறார்கள். பூவின்மேல் வைத்துவிட்டுத் தூரத்திலிருந்து பார்த்தால் ஒரு பொட்டு அளவுதான் தெரியும். லென்ஸைக் கண்ணோடு ஒட்டி வைத்து, பூவை இரண்டரை செ.மீ. தூரத்துக்குக் கொண்டுவாருங்கள். பார்வை முழுக்கப் பூவாகிவிடும்.

வெட்டுவதும் கொண்டுவருவதும்

காலை ஆறிலிருந்து ஏழரைக்குள் வெட்டுங்கள். விரிந்த பூ, மொட்டு, இளங்காய் மூன்றும் உள்ள கிளையாக, 30 செ.மீ. நீளத்துக்குக் குறையாமல் இரண்டு. மொட்டு கட்டாயம். இன்றைய பூவைப் பிரித்துத் தீர்த்துவிட்டால் நாளைய பூ அதிலிருந்துதான் வர வேண்டும்.

வெட்டுவதற்கு முன்பே செடி நிற்கும் விதத்தைக் குறித்துவிடுங்கள்: உயரம், கிளை தரையிலிருந்தே பிரிகிறதா, பூங்கொத்து நிமிர்ந்திருக்கிறதா, மண் எப்படி, அருகில் என்னென்ன நிற்கின்றன. தேதி, ஊர், அந்த ஊரில் சொல்லும் பெயர், போன் காட்டும் அட்சரேகை தீர்க்கரேகை. வீட்டுக்கு வந்தபின் இவற்றில் எதையும் கிளையிலிருந்து கண்டுபிடிக்க முடியாது.

வெட்டிய முனையில் ஈரத்துணி சுற்றி, மூடியுள்ள எவர்சில்வர் தூக்குவாளியில் படுக்க வையுங்கள். கிளை பெரிதாக இருந்தால், காற்று ஊதிக் கட்டிய பிளாஸ்டிக் பை. இரண்டையும் வெயிலில் வைக்கக் கூடாது. கால் மணி நேரத்தில் உள்ளே வெந்துபோகும். வீட்டில் முனையைத் தண்ணீருக்குள் முக்கியபடியே இன்னொரு 2 செ.மீ. வெட்டிவிட்டு, கழுத்து குறுகிய பாட்டிலில் நிறுத்துங்கள். தண்ணீருக்கு வெளியே வெட்டினால் தண்டின் குழாய்களில் காற்று புகுந்து அடைத்துவிடும். பாட்டில் நிறையத் தண்ணீர் இருந்தும் கிளை வாடுவதற்குப் பெரும்பாலும் இதுதான் காரணம்.

வெளிச்சம்

படத்தில் ஒளி இடப்பக்க மேலிருந்து விழுவதாகக் காட்டுவது மரபு. செட்டிநாட்டு வீட்டில் வெளிச்சம் என்றால் உடனே வளவை, அதாவது திறந்த நடுமுற்றத்தைத்தான் நினைப்போம். ஆனால் வளவில் ஒளி தலைக்குமேலிருந்தும் நாலாபுறமிருந்தும் வருகிறது. நிழல்கள் ஒன்றையொன்று அழித்துவிட, இதழ் தட்டையாகத் தெரியும். ஒரே ஜன்னல் உள்ள பக்கத்து அறை இதற்கு ஏற்றது. வலக்கையால் வரைபவருக்கு ஜன்னல் இடப்பக்கம் இருக்க வேண்டும். கையின் நிழல் படத்தின்மேல் விழாது.

வடக்கு ஜன்னலில் நேர்வெயில் வராது என்று மேல்நாட்டுக் கையேடுகள் சொல்வது நம் ஊருக்குப் பொருந்தாது. காரைக்குடி ஏறத்தாழ 10 பாகை வட அட்சரேகையில் இருக்கிறது. சித்திரைத் தொடக்கத்திலிருந்து ஆவணி முற்பாதி வரை நண்பகல் சூரியனே வடக்கில் சாய்ந்திருக்கும். அந்த மாதங்களில் வடக்கு ஜன்னலுக்கு வெள்ளை வேட்டித் துணி ஒன்றைக் கட்டுங்கள், அல்லது தெற்கு ஜன்னலுக்கு மாறுங்கள்.

முதல் ஒரு மணி நேரம்

முதலில் நிறம். இதழின் ஓரத்தில் ஒரு மஞ்சள், அடியில் ஒரு மஞ்சள், நரம்புகளில் ஆரஞ்சுச் சாயல். இவற்றுக்கு ஒவ்வொரு பொட்டு கலந்து துண்டுத்தாளில் வைத்து, பக்கத்தில் எந்த வண்ணத்தோடு எதைக் கலந்தது என்று எழுதுங்கள். பொட்டு காய்ந்ததும் இதழை அதன்மேல் வைத்துப் பாருங்கள். ஈர வண்ணம் காய்ந்தால் வெளிறும் என்பதால் ஈரத்தில் ஒத்துப்போனது பயன்படாது.

அடுத்து கிளையின் நிலை. போனில் நான்கு பக்கமும் படம் எடுங்கள். கிட்டப் போனால் அகல லென்ஸ் முன்னால் உள்ள பூவைப் பெருக்கி இலையைச் சுருக்கிவிடும். ஒன்றரை மீட்டர் தள்ளி நின்று ஜூம் செய்யுங்கள். மஞ்சள் பூவில் கேமரா நரம்புகளை எல்லாம் வெளுத்துவிடும், ஆகவே எக்ஸ்போஷரை ஒரு படி குறைத்து இன்னொரு படம். இந்தப் படங்கள் கிளை வாடியபின் நிலையை நினைவூட்டத்தான். அளவையும் நிறத்தையும் இவற்றிலிருந்து எடுக்காதீர்கள்.

பிறகு பென்சில். கிளையின் அச்சைக் காட்டும் ஒற்றை வளைகோடு, அதில் கணுக்களின் இடம், ஒவ்வொரு கணுவிலிருந்தும் இலை கிளம்பும் கோணம். டிவைடரால் செடியில் அளந்து அதே திறப்பைத் தாளில் குத்துங்கள். முடிந்தவரை உண்மை அளவிலேயே வரையுங்கள்; ஏ3 தாளில் ஆவாரங்கிளை நுனி ஒன்று தாராளமாக அமையும்.

பூவைப் பிரித்தல்

இங்கே நேரம் செலவழியுங்கள். செடியின் அடையாளம் பெரும்பாலும் பூவுக்குள்தான் இருக்கிறது.

முழுப்பூவை முன்பக்கமிருந்தும் பக்கவாட்டிலும் வரைந்தபின், இன்னொரு பூவை எடுத்து வெளியிலிருந்து உள்ளாக ஒவ்வோர் உறுப்பாகக் கழற்றித் தட்டில் வரிசையாக வையுங்கள். புல்லி இதழ் ஐந்து. எல்லாம் ஒரே அளவல்ல, வெளியில் உள்ள இரண்டு நன்றாகப் பெரியவை. அல்லி இதழ் ஐந்து, ஒன்றோடொன்று ஒட்டாதவை, ஓரம் சுருங்கிச் சுருங்கி நெளியும். விரித்துப் போட்டு வரையும்போது அந்த நெளிவைத் தேய்த்து நேராக்கிவிடக் கூடாது.

மகரந்தத் தாள்கள் பத்து. பத்தும் ஒரே மாதிரி இருப்பதாக நினைத்து வரைவதுதான் புதியவர்கள் செய்யும் பெரிய பிழை. மேலே உள்ள மூன்று, மகரந்தம் தராத மலட்டுத் தாள்கள். கீழே உள்ளவை நீண்டு வளைந்திருக்கும். லென்ஸில் பாருங்கள்: மகரந்தப் பை நீளவாக்கில் பிளப்பதில்லை, நுனியில் உள்ள துளை வழியாகத்தான் தூள் வெளியே வரும். பெரிய தச்சன் வண்டுகள் பூவைப் பிடித்துக்கொண்டு ரீங்கரித்து அதிர வைக்கும்போது மகரந்தம் உப்புத்தூள் மாதிரி உதிர்வது இதனால்தான். அந்தத் துளை படத்தில் இருந்தாக வேண்டும். ஒவ்வொரு வகைத் தாளிலும் ஒன்றை 4 அல்லது 5 மடங்கு பெருக்கித் தனித்தனியாக வரையுங்கள்.

நீள்வெட்டுக்கு மூன்றாவது பூ. ஈரப்படுத்திய பிளேடால், பூவை இட வலமாகச் சரிபாதியாக்கும் கோட்டில், ஒரே இழுப்பில் வெட்டுங்கள். அறுத்து அறுத்து வெட்டினால் சூலகம் நசுங்கி, உள்ளே இருக்கும் சூல்களின் வரிசை கலைந்துவிடும். வெட்டிய பாதியைத் தண்ணீர் ஊற்றிய தட்டில் மிதக்க விட்டால் வரைந்து முடியும்வரை விறைப்பாக இருக்கும். ஆவாரை சேர்ந்திருக்கும் சென்னா பேரினச் செடிகள் பலவற்றில் ஒரு பூவில் சூல்தண்டு இடமாகவும் இன்னொன்றில் வலமாகவும் வளைந்திருப்பதுண்டு. ஆகவே ஒரு பூவோடு நிறுத்தாமல் ஐந்தாறு பூக்களைப் பார்த்துக் குறித்துக்கொள்ளுங்கள்.

ஆவாரையைக் கையாள்வதில் பயமில்லை. இதே முறையை மற்றச் செடிகளுக்குக் கொண்டுபோகும்போது கவனம் வேண்டும். செங்காந்தளின் எல்லாப் பாகமும், குறிப்பாகக் கிழங்கு, நஞ்சு. குன்றிமணி விதையை உடைத்தால் உள்ளே இருப்பது கொடிய நஞ்சு. எருக்கம்பால் கண்ணில் பட்டால் பார்வையையே கெடுக்கும். வெட்டிய பிளேடைத் தனியாக வையுங்கள், கையைச் சோப்புப் போட்டுக் கழுவுங்கள், அந்தத் தட்டைச் சமையலறைக்குத் திருப்பி அனுப்பாதீர்கள்.

இலை

மாலை மங்கும்போது ஆவாரையின் சிற்றிலைகள் ஜோடி ஜோடியாக மடிந்துவிடும். பூ முடிந்த கையோடு பகலிலேயே இலையைத் தொடங்க வேண்டும்.

ஒரு கூட்டிலையில் சிற்றிலை 8 முதல் 12 ஜோடி. எண்ணி எழுதிய பிறகே வரையுங்கள். முதலில் நடு ஈர்க்கை ஒரே வளைவாக இழுத்து, ஜோடிகள் அமையும் புள்ளிகளைக் குறித்து, பிறகு ஒவ்வொரு சிற்றிலையின் நடுநரம்பை மட்டும் போடுங்கள். ஓரக்கோடு கடைசி. இலை திரும்பி மடிந்திருக்கும் இடத்தில் நடுநரம்பு மடிப்புக்கு அடியில் மறைந்து சரியான இடத்தில் மீண்டும் வெளியே வருகிறதா என்று பென்சிலால் இலேசாகத் தொடர்ந்து பாருங்கள். இது பிசகினால் இலை முறிந்த மாதிரித் தெரியும்.

சிற்றிலை ஜோடி ஒவ்வொன்றுக்கும் இடையில் ஈர்க்கின்மேல் குச்சி போல நிமிர்ந்த சுரப்பி ஒன்று இருக்கிறது. காம்பு தண்டோடு சேரும் இடத்தில், காது மடல் மாதிரி அகன்ற இலையடிச் செதில், உதிராமல் நிற்கிறது. இரண்டையும் பெருக்கித் தனிப்படமாக வரையுங்கள். மஞ்சள் பூவும் கூட்டிலையுமாக நிற்கும் உறவுச்செடிகளிடமிருந்து ஆவாரையைப் பிரித்துக் காட்டுபவை இவை. பேயாவரையில் சிற்றிலை கூர்நுனி கொண்டது, சுரப்பி காம்பின் அடியில் ஒன்றே ஒன்று. தகரையில் சிற்றிலை பொதுவாக மூன்றே ஜோடி, காய் மெலிந்து நீண்டு வளைந்தது. படத்தில் பூ எவ்வளவு அழகாக வந்திருந்தாலும், சுரப்பியும் செதிலும் இல்லையென்றால் பெயர் சொல்ல வருபவர் தயங்குவார்.

பத்து இலைகள், ஐந்து பூக்களையாவது அளந்து சிறியது முதல் பெரியது வரை என்று எழுதுங்கள். வரைந்த இலை அந்த வரம்புக்கு நடுவில் இருக்க வேண்டும். கண்ணைக் கவர்ந்த பெரிய இலையை எடுத்து வரைந்தால் அது அந்த ஒரு இலையின் படமாகத்தான் இருக்கும்.

தாளில் அமைத்தல்

துண்டு துண்டாக வரைந்தவற்றை டிரேசிங் தாளில் எடுத்து, வெட்டி, பெரிய தாளில் நகர்த்தி நகர்த்தி வைத்துப் பாருங்கள். கிளை நடுவிலோ சற்று மேலாகவோ; பிரித்த உறுப்புகள் கீழேயும் ஓரங்களிலும். அ, ஆ, இ என்று பெயரிடுங்கள். பெருக்கிய ஒவ்வொரு படத்துக்கும் கீழே அளவுக்கோடு போடுங்கள்: 5 மி.மீ. என்றால் அந்தப் பெருக்கத்தில் 5 மி.மீ. எவ்வளவு நீளமோ அவ்வளவு. ‘5 மடங்கு’ என்று எழுத்தில் எழுதினால், படத்தை அச்சில் சுருக்கிய அன்றே அது பொய்யாகிவிடும். அளவுக்கோடு படத்தோடு சேர்ந்து சுருங்கும்.

நல்ல தாளுக்கு மாற்றக் கார்பன் தாள் வேண்டாம், அதன் கறை போகாது. டிரேசிங் தாளின் பின்புறம் ஹெச்பி பென்சிலைத் தேய்த்து, முன்புறம் 2ஹெச்சால் அழுத்தாமல் இழுங்கள். பிறகு பிசையும் ரப்பரை ஒற்றி ஒற்றிக் கோடுகளை வெளிறச் செய்யுங்கள்.

மையா, வண்ணமா

அச்சுக்கும் ஆய்வுக்கும் மைப் படமே போதும். வெளிக்கோடு 0.3, நரம்பு 0.1, நிழல் புள்ளிகளால். பேனாவைச் செங்குத்தாகப் பிடித்துப் புள்ளி வையுங்கள். சாய்த்தால் ஒவ்வொரு புள்ளிக்கும் வால் முளைக்கும். நிழல் ஆழமான இடத்தில் தொடங்கி வெளிச்சத்தை நோக்கிப் புள்ளிகளைக் கலைத்துக்கொண்டே போக வேண்டும்.

வண்ணத்தில் மஞ்சளுக்குத் தனிக் கவனம் தேவை. நிழலுக்குக் கறுப்பைச் சேர்த்தால் மஞ்சள் பாசிப்பச்சையாகிவிடும். அதற்குப் பதில், மஞ்சளோடு மிக மிக நீர்த்த ஊதா ஒரு துளி. இதில் கிடைக்கும் மங்கிய காவி நிறத்தால் நிழலை முதலிலேயே போட்டுக் காயவிட்டு, அதன்மேல் எலுமிச்சை மஞ்சளை மெல்லிய பூச்சாகக் கொடுங்கள். இதழடியில் சற்றுச் சூடான மஞ்சள். வெளிச்சம் படும் மேட்டில் தாளின் வெண்மையை அப்படியே விடுங்கள். முழுவதும் காய்ந்தபின் கிட்டத்தட்ட உலர்ந்த பிரஷால் ஆரஞ்சு நரம்புகள்.

வெள்ளைத் தாளில் மஞ்சள் இதழின் ஓரம் கரைந்துபோகிறதே என்று சுற்றிலும் பழுப்புக் கோடு போடுபவர்கள் உண்டு. போட்டதும் பூ காகிதத்தில் வெட்டி ஒட்டியது போலாகிவிடும். அமைப்பைத் திட்டமிடும்போதே சில இதழ்களுக்குப் பின்னால் இலை வருமாறு வைத்தால் பச்சையே ஓரத்தைக் காட்டும். மற்ற இடங்களுக்கு 2ஹெச் பென்சிலின் மெல்லிய கோடு போதும்.

ஆவாரை இலை பளிச்சென்ற பச்சை கிடையாது. அல்ட்ராமரைன் நீலமும் மஞ்சளும் கலந்து, துளி சிவப்பால் மங்கச் செய்யுங்கள். இலையின் அடிப்பக்கம் இன்னும் வெளிறியது. டியூபிலிருந்து பிதுக்கிய பச்சையை அப்படியே பூசினால் பிளாஸ்டிக் தோரணம்தான் கிடைக்கும்.

சித்திரை வைகாசியில் பூச்சு பாதியிலேயே காய்ந்து திட்டுத்திட்டாக ஓரம் கட்டும். மின்விசிறியை நிறுத்திவிட்டுக் காலையில் வேலை செய்யுங்கள். ஒரு சிற்றிலையை முழுக்க வெறும் தண்ணீரால் நனைத்து, மினுமினுப்பு அடங்கியதும் வண்ணம் இடுங்கள். மழை மாதங்களில் நேர்மாறு: தாள் ஈரம் குடித்திருக்கும், அடுத்த பூச்சுக்கு இரண்டு மடங்கு நேரம் பொறுக்க வேண்டும்.

பெயரை உறுதி செய்தல்

வரைந்த அதே கிளையின் துண்டை அழுத்தி உலர்த்தி வையுங்கள். செய்தித்தாள் மடிப்புகளுக்கு நடுவில், மேல் பலகை, அதன்மேல் பாரம். முதல் வாரம் தினமும் தாளை மாற்ற வேண்டும். மழைக்காலத்தில் ஒரு நாள் விட்டாலும் பூஞ்சணம் பிடிக்கும். செய்தித்தாளை வெயிலில் காயவைக்கலாம், செடியை வைக்கக் கூடாது, பழுப்பாகிவிடும். உலர்ந்ததை 42 × 28 செ.மீ. தடித்த தாளில் தைத்து, களக்குறிப்பை ஒட்டுங்கள். படத்துக்கும் இந்த மாதிரிக்கும் ஒரே எண். பெயர் பின்னால் மாறினாலும் படம் எந்தச் செடியைப் பார்த்து வரைந்தது என்பதில் சந்தேகம் வராது.

ஒப்பிட்டுப் பார்க்கப் பக்கத்திலேயே இடம் இருக்கிறது: திருச்சி செயின்ட் ஜோசப் கல்லூரியின் ரபினாட் ஹெர்பேரியம் என்ற உலர்தாவரத் தொகுப்பு. தாவரவியலாளர் கே.எம். மேத்யூ அங்கிருந்துதான் தமிழ்நாட்டுச் சமவெளித் தாவரங்களை ஆராய்ந்து, கோட்டுப் படங்களோடு தொகுத்தார். கோவையில் இந்தியத் தாவரவியல் ஆய்வகத்தின் தென்மண்டலத் தொகுப்பு உள்ளது. முன்கூட்டியே எழுதிக் கேட்டுவிட்டு, மாதிரியோடும் படத்தோடும் போங்கள்.

நல்ல முன்மாதிரி வேண்டுமானால் தாவரவியலாளர் ராபர்ட் வைட் 1838 முதல் 1853 வரை சென்னையிலிருந்து வெளியிட்ட தாவரப் படத்தொகுதிகளைத் தேடிப் பாருங்கள். 2,101 படங்கள். அவருக்காக வரைந்தவர்கள் ரங்கையா, கோவிந்து என்ற நம் பக்கத்து ஓவியர்கள். கோவிந்துவின் பெயரை ஓர் ஆர்க்கிட் பேரினத்துக்கே வைட் சூட்டினார். பிரித்த உறுப்புகளை அவர்கள் தாளில் எப்படி அடுக்கியிருக்கிறார்கள் என்று கவனியுங்கள். இடத்தை வீணாக்காமல், எதையும் மறைக்காமல்.

காய்க்கு இடம்

பூவும் முற்றிய காயும் பெரும்பாலும் ஒரே நாளில் கைக்கு வராது. தாளின் கீழ் மூலையில் 12 செ.மீ. உயரத்துக்கு இடம் விட்டு வையுங்கள். பூவை வெட்டிய அதே செடியில் ஒரு கிளைக்கு நூல் கட்டி வந்தால் காய் முற்றும்போது திரும்பப் போகலாம். ஆவாரங்காய் 7.5 முதல் 11 செ.மீ. நீளம், 1.5 செ.மீ. அகலம், காகிதம் போல மெல்லியது. ஒவ்வொரு விதைக்கும் இடையில் குறுக்கே ஒடுங்கி நெளிந்திருக்கும். விதை 12 முதல் 20, ஒவ்வொன்றும் தன் அறைக்குள். முழுக்காய் ஒன்று, ஒரு பக்கத் தோலை உரித்து விதைகள் தெரியும்படி ஒன்று, 5 மடங்கில் தனி விதை ஒன்று. இதற்கு அவசரமே இல்லை. காய்ந்த காய் மாதக்கணக்கில் அப்படியே இருக்கும். வரைந்து முடித்ததும் இரண்டாவது தேதியையும் களக்குறிப்பில் சேர்த்து எழுதிவிடுங்கள். விதைகளைச் சிறு காகித உறையில் போட்டு, உலர்மாதிரித் தாளின் மேல் மூலையில் ஒட்டி வையுங்கள்.